இடையன்குடியில் ஐம்பது ஆண்டுகள்

இராபர்ட் கால்டுவெல் 1814ஆம் ஆண்டு அயர்லாந்தில், ஸ்காட்லாந்துப் பெற்றோர்க்குப் பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, மொழிகளை ஒப்பிட்டு ஆராயும் வேட்கை அவருள் வேரூன்றியது. 1838இல் சமயப்பணியாற்றச் சென்னைக்கு வந்து தமிழ் கற்றார். 1841இல் ஆங்கிலிக்கன் திருச்சபையில் இணைந்து, திருநெல்வேலிச் சீமைக்குப் பெரும்பாலும் கால்நடையாகவே சென்றார்; வழிநெடுக மக்களின் பேச்சையும் வாழ்வையும் கண்டறிந்தார்.

அவர் தங்கிய இடையன்குடி, செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த வறண்ட சிற்றூர். பனையேறிப் பிழைத்த மக்களுக்குக் கல்வி எட்டாக்கனியாக இருந்தது. கால்டுவெல் தெருக்களை ஒழுங்குபடுத்தினார், கிணறுகள் தோண்டுவித்தார், பள்ளிகள் நிறுவினார். 1844இல் அவரை மணந்த எலைசா, பெண்களுக்கு எழுத்தறிவோடு லேஸ் பின்னலும் கற்பித்தார். அதனால் அவர்கள் கையில் சொந்த வருவாய் சேர்ந்தது.

தொடக்கத்தில் அம்மக்களைப் பற்றிக் கால்டுவெல் எழுதிய நூலொன்று அவர்தம் மனத்தைப் புண்படுத்தியது. எதிர்ப்பு வலுக்கவே, அது பின்னாளில் திரும்பப் பெறப்பட்டது. ஆயின், 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், தமிழும் அதன் இனமொழிகளும் வடமொழியினின்று பிறந்தவை அல்ல, தனிக்குடும்பத்தின என்பதைச் சான்றுகளுடன் நிறுவியது.

1877இல் அவர் உதவி ஆயரானார். தென்னகத்தைப் பெரும்பஞ்சம் வாட்டிய காலம் அது. பசித்தோர்க்கு உணவளிக்கும் துயர்துடைப்புப் பணியில் அவர் முதுமையையும் பொருட்படுத்தாது உழைத்தார். 1847இல் தொடங்கிய இடையன்குடித் தேவாலயப் பணி, 1880இல் நிறைவெய்தியது.

1891 ஆகஸ்டு 28 அன்று கொடைக்கானலில் அவர் மறைந்தார். அவரது உடல் மலையிலிருந்து இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் எழுப்பிய தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.