கல்லைப் பேசவைத்த நாணயசாலை அதிகாரி

மத்திய இந்தியாவிலே, பண்டை விதிசை நகருக்கு அணித்தாக, சாஞ்சி என்னும் குன்றின் உச்சியிலே பெருந் தூபி ஒன்று நிற்கின்றது. அதனைச் சூழ மரவேலியின் அமைப்பிலேயே கல்லாற் செய்த வேலி ஒன்று ஓடுகின்றது. அதன் தோரண வாயில்களிலே யானையும் மயிலும் யட்சியரும் நெருங்கச் செதுக்கப்பட்டிருக்கின்றன. கீழைவாயிற் சிற்பமொன்றிலே ஒரு சிற்றூரையே காணலாம். அங்கே ஒருத்தி உலக்கையால் தானியங் குற்றுகின்றாள். ஒருத்தி முறத்தாற் புடைக்கின்றாள். இன்னொருத்தி நீருக்குக் குடங்கொண்டு செல்கின்றாள். புத்தர்பிரானின் அற்புதமொன்றைக் காட்டவந்த சிற்பி, தன் ஊரின் அடுப்பங்கரையையும் கூடவே காட்டிவிட்டான்.

சிற்பங்களைக் கண்டு வியப்போர் பலர். அக்கல்வேலியின் தூண்களிலும் குறுக்குச் சட்டங்களிலும் வெட்டப்பட்டுள்ள சின்னஞ்சிறு எழுத்து வரிகளின் முன் நின்று நோக்குவோர் மிகச் சிலரே. ஆயினும், அசோகச் சக்கரவர்த்தியின் மாபெருஞ் சாசனங்களைப் பூட்டிவைத்திருந்த கதவுக்குத் திறவுகோல் அவ்வரிகளிலேதான் கிடந்தது. அத்திறவுகோலைக் கண்டெடுத்தவர் மன்னருமல்லர், பேராசிரியருமல்லர். பொன்னுக்கும் வெள்ளிக்கும் மாற்றுப் பார்த்துச் சம்பளம் வாங்கிய ஓர் உத்தியோகத்தர். ஜேம்ஸ் பிறின்செப் என்பது அவர் பெயர்.

பிறின்செப் 1799ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆந் தேதி இங்கிலாந்திலே பிறந்தார். தந்தையார் இந்தியா சென்று அவுரி வியாபாரத்திற் பெரும்பொருள் ஈட்டி, பின்பு அதில் ஒரு பகுதியை இழந்தவர். பிள்ளைகளோ பலர். ஜேம்ஸ் முதலிற் கட்டடக் கலை பயின்றார். பயிலும்போதே கண்நோய் பற்றிக்கொண்டது. படம் வரையும் தொழிலை விடவேண்டியதாயிற்று. கண் தேறிய பின்னர் இலண்டன் நாணயசாலையில் உலோகச் சோதனை கற்பித்து, அத்தொழிலுக்கே அவரை இந்தியாவுக்கு அனுப்பினர். நுண்ணிய வேலைக்கு உதவாதெனக் கருதப்பட்ட அக்கண்களே, இரண்டாயிரம் ஆண்டு மழையும் வெயிலும் தின்ற எழுத்துக்களைப் பின்னாளில் வரிவரியாக எண்ணிப் பார்த்தன என்பது விதியின் விளையாட்டுத்தான்.

1819ஆம் ஆண்டு செப்டெம்பரிற் கல்கத்தாவை வந்தடைந்தார். அங்குள்ள நாணயசாலையில் அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர் வடமொழி வல்லுநர் ஹொரேஸ் ஹேமன் வில்சன். ஓராண்டு கழிவதற்குள் பிறின்செப் காசி நாணயசாலைக்கு மாற்றப்பட்டு, பத்தாண்டுக்காலம் அந்நகரிலே வாழ்ந்தார். உத்தியோக நேரம் முடிந்ததும் விருந்தும் வேட்டையுமாகப் பொழுது போக்கிய வெள்ளைக்காரர் பலரிருந்த காலம் அது. இவரோ காசியின் தெருக்களை அளந்து படம் வரைந்தார்; வீடுகளையும் குடிகளையும் எண்ணிக் கணக்கிட்டார்; தேங்கி நாறிய குளங்களின் நீர் கங்கையிற் சென்று விழ நிலத்தடியிற் கால்வாய் கட்டுவித்தார். ஒளரங்கசீப்பின் பள்ளிவாசல் ஸ்தூபிகள் சாயும் நிலையிலிருந்தபோது அவற்றைச் செப்பனிட்டுக் கொடுத்தார். கர்மநாசா ஆற்றுக்குப் பாலமும் அமைத்தார். உலையின் கடும் வெப்பத்தை அளக்க இவர் கண்ட முறைக்காக இலண்டன் றோயல் சங்கம் 1828ஆம் ஆண்டில் இவரைத் தன் அங்கத்தவராக்கியது. இவற்றையெல்லாம் விரிக்கிற் பெருகும்.

ஒன்றை மாத்திரம் இங்கே குறித்துக்கொள்ளல் வேண்டும். கங்கைக்கரைப் படித்துறைகளில் மக்கள் எவ்வாறு வந்தார்கள், எதைக் கொடுத்தார்கள், கொடுத்ததை எவ்வாறு நினைவில் நிறுத்த விரும்பினார்கள் என்பதெல்லாம் பத்தாண்டுக்காலம் இவர் கண்முன் நிகழ்ந்தவை. புத்தக அறிவு மிகுந்த பலர் தோற்ற இடத்தில் இவர் வென்றதற்கு இப்பழக்கமும் ஒரு காரணமென நாம் கருதுகின்றோம்.

1830ஆம் ஆண்டிற் காசி நாணயசாலை மூடப்படவே கல்கத்தாவுக்கு மீண்டார். இரண்டாண்டில் வில்சனின் பதவியும், ஆசியச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பும் இவரை வந்தடைந்தன. சங்கத்தின் சஞ்சிகையை 1832 தொடக்கம் தாமே நடத்தினார். நாட்டின் மூலைமுடுக்குகளிலிருந்த படைவீரர், வைத்தியர், வீதியமைப்போர் அனைவரிடமும் பழங்காசு கண்டால் அனுப்புங்கள், எழுத்துக் கண்டால் படியெடுத்து அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டார். பகலெல்லாம் நாணயசாலை, காலையும் இரவும் காசும் கல்லெழுத்தும்.

அக்காலத்திலே வட இந்தியாவில் ஒரு புதிர் நெடுநாளாய் நின்றது. டில்லியிலும் அலகாபாத்திலும் பிகாரிலும் பளபளக்கும் கற்றூண்கள் இருந்தன. அவற்றில் ஒரே வகை எழுத்துக்கள் காணப்பட்டன. பதினான்காம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் இரு தூண்களைப் பெருமுயற்சியோடு டில்லிக்குக் கொணர்வித்து, அந்தணரை அழைத்து வாசிக்கச் சொன்னான். ஒருவராலும் இயலவில்லை. பின்வந்த ஐரோப்பியருட் சிலர் அது கிரேக்க எழுத்தென்றும், அலெக்சாந்தரின் வெற்றித் தூணென்றும் கற்பனை செய்தனர். பிறின்செப் 1834ஆம் ஆண்டளவில் அலகாபாத் தூணின் எழுத்துக்களைத் தனித்தனியே பிரித்து, எந்த எழுத்து எத்தனை முறை வருகின்றது, எந்தக் குறி எதனோடு ஒட்டுகின்றது என்று பட்டியலிட்டார். உயிர்க்குறிகள் மெய்யோடு சேரும் முறை புலனாயிற்று, ஒலி புலனாகவில்லை. 1836ஆம் ஆண்டில் லாசன் என்னும் அறிஞர் கிரேக்க மன்னன் ஒருவனின் இருமொழிக் காசைக்கொண்டு சில எழுத்துக்களை இனங்கண்டார் என்பதையும் நடுநிலைமையோடு சொல்லியாகவேண்டும்.

1837ஆம் ஆண்டிற் கப்டன் எட்வர்ட் ஸ்மித் என்பவர் சாஞ்சிக் கல்வேலியின் எழுத்துக்களைப் படியெடுத்து அனுப்பினார். அவற்றை அச்சுக்காக ஒரே தாளில் வரிசைப்படுத்தும் வேளையிற் பிறின்செப்பின் கண்ணில் ஒரு செய்தி பட்டது. அவை நீண்ட சாசனத்தின் துண்டுகளல்ல. ஒவ்வொன்றும் தனித்து முடிந்த சிறுவரி. ஏறக்குறைய எல்லாம் ஒரே ஈரெழுத்தில் முடிந்தன. ஒரு கோயிலின் வேலியிலே, கல்லுக்குக் கல் வேறுபட்டும் முடிவில் ஒன்றுபட்டும் மக்கள் எதை எழுதுவர்? இறந்தாரின் நினைவாக இருக்கலாம். அதைவிட, கொடுத்தாரின் பெயராக இருக்கலாம். இக்காலத்திலும் கோயிற்படியில், விளக்கில், மணியில் உபயகாரர் பெயர் பொறிப்பதை நாம் காண்கின்றோமல்லவா? அப்படியாயின் அவ்வீரெழுத்து தானம் என்னும் சொல்லாகத்தான் இருத்தல் வேண்டும். அதற்கு முன்னே அடிக்கடி நின்ற ஓரெழுத்து, இன்னாருடைய என்று பொருள்தரும் ஸகரம். சௌராட்டிரக் காசுகளில் அவ்வேற்றுமை உருபோடு அவர் முன்னரே பழகியிருந்தார். தகரமும் னகரமும் ஸகரமும் கிடைத்தபின் ஏனையவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. ஆண்டுக்கணக்கில் அசையாதிருந்த பூட்டு, சொற்ப நேரத்தில் திறந்துகொண்டது.

யார் அந்தக் கொடையாளர்? வணிகர் உளர், நெசவாளன் உளன், அரசனின் எழுத்தன் உளன். துறவியரும் துறவிமகளிரும் தங்கள் தங்கள் ஊர்ப்பெயரோடு நிற்கின்றனர். உச்சயினியிலிருந்து வந்தவர் பலர். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று தன்னை அறிவித்துக்கொண்ட பெண்கள் மிகப் பலர். தெற்கு வாயிலின் சிற்பமொன்றை விதிசையின் யானைத்தந்த வேலைக்காரர் செதுக்கிக் கொடுத்தனரென ஒருவரி கூறுகின்றது. தந்தத்திற் பழகிய கை என்பதை அச்சிற்பத்தின் நுணுக்கம் பார்த்தோர் மறுக்கமாட்டார். ஒருவர் ஒரு தூணைக் கொடுத்தார். ஒருவர் ஒரு குறுக்குச் சட்டத்தைக் கொடுத்தார். அரச கருவூலம் ஒன்றே அவ்வேலியை எழுப்பவில்லை. சிறுகச் சேர்த்த கைப்பொருளும் சேர்ந்தே எழுப்பியது. தம்முடைய பெயர் அழியாதிருக்கவேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் அவர்கள் எண்ணியிருக்கமாட்டார். அவர்கள் பெயரைக்கொண்டே ஒரு பேரரசனின் பெயர் மீளுமென்று யார்தாம் நினைத்திருப்பர்?

கிடைத்த எழுத்துக்களை ஏந்திக்கொண்டு பிறின்செப் டில்லித் தூணிடம் திரும்பினார். பண்டிதர் கமலாகாந்தர் உடனிருந்து உதவினார். இத்தகைய பண்டிதர்களின் பெயரை வரலாற்று நூல்கள் ஒரு மூலையிற் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம், அது நேர்மையன்று. தேவர்க்கு இனியவனாகிய பியதசி மன்னன் இவ்வாறு கூறுகின்றான் என்று தூண் பேசத் தொடங்கியது. யார் இந்தப் பியதசி? வட நாட்டு அரச வரிசைகளில் அப்பெயர் தென்படவில்லை. தேவானாம்பிய என்னும் அடைமொழியைக் கண்ட பிறின்செப், இலங்கை மன்னன் தேவநம்பியதீசனாக இருக்கலாமென முதலில் எண்ணினார்.

இவ்விடத்தில் நம் நாடு இக்கதையினுள் நுழைகின்றது. பிறின்செப் பிறந்த அதே 1799ஆம் ஆண்டில் இலங்கையிலே பிறந்தவர் ஜோர்ஜ் டேர்னர். இலங்கை அரசாங்க சேவையில் இருந்துகொண்டே பாளி கற்று, மகாவம்சத்தை மொழிபெயர்த்து 1837ஆம் ஆண்டில் வெளியிட்டவர். பிறின்செப்பின் வாசிப்பைக் கண்ட டேர்னர், தீபவம்ச ஏட்டைப் புரட்டினார். சந்திரகுப்தனின் பேரனும் பிந்துசாரனின் மகனுமாகிய அசோகனுக்கே பியதஸ்ஸி என்னும் பெயர் வழங்கியதென அதில் இருந்தது. உடனே கல்கத்தாவுக்கு எழுதினார். வட இந்தியா மறந்துபோன மன்னனை இலங்கையின் பனையோலை மறக்காதிருந்தது.

அடுத்த ஆண்டு, கத்தியவாரிலுள்ள கிர்னார்ப் பாறையின் படிகளும், ஒரிசாவிலுள்ள தௌலிப் பாறையின் படிகளும் ஒப்பிடப்பட்டன. தௌலியிலே எழுத்துக்கு மேலாக, பாறையைப் பிளந்துகொண்டு வெளிவருவதுபோல் யானையொன்றின் முன்பாதி செதுக்கப்பட்டுள்ளது. கரடிகள் உலாவிய அவ்விடத்திற் படியெடுத்தவர் கிற்றோ என்னும் இளம் படையதிகாரி. கிர்னார்ச் சாசனத்திலே சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபர்ணி என்ற பெயர்களும், அந்தியோக்கஸ் என்ற யவன மன்னனின் பெயரும் ஒரே வரிசையில் வந்தன. பேரரசன் அங்கே பேசியது போரைப் பற்றியன்று. மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவம், இல்லாத இடத்தில் மூலிகை நடுதல், வழியிற் கிணறு தோண்டுதல், மரம் வைத்தல் என்பவற்றைப் பற்றியே. பிறின்செப்பின் மொழிபெயர்ப்பிற் பிழைகள் பல உள, பின்வந்தோர் திருத்தினர். ஆனால் யவன மன்னரின் பெயர்களால் அசோகனின் காலம் கி. மு. மூன்றாம் நூற்றாண்டென உறுதிப்பட்டது. பண்டை இந்திய வரலாற்றுக்கு ஒரு நிலைத்த காலக்கணக்கு அன்றுதான் வாய்த்தது.

இந்த வேலை அவரை உண்டுவிட்டது. 1838ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தலைவலியும் குமட்டலும் தொடங்கின. சிறிது ஓய்ந்தால் மாறிவிடுமென எண்ணினர். கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பியபோது சித்தமும் கலங்கிவிட்டது. எழுத்தெழுத்தாக உலகுக்கு நினைவூட்டியவர் தம் நினைவை இழந்தார். 1840ஆம் ஆண்டு ஏப்ரில் 22ஆந் தேதி இலண்டனிற் காலமானார். வயது நாற்பது. 1835ஆம் ஆண்டிலே மணம்புரிந்த மனைவியும் ஒரு சிறு பெண்குழந்தையும் எஞ்சினர். கல்கத்தா நகரத்தார் ஹூக்ளிக் கரையிலே தூண்களோடு கூடிய அழகிய துறைமண்டபமொன்றை அவர் நினைவாகக் கட்டினர். அது இன்றும் பிறின்செப் துறை என்றே வழங்குகின்றது. டேர்னரும் 1843ஆம் ஆண்டில் நேப்பிள்ஸ் நகரிலே மறைந்தார்.

பிறின்செப் வகுத்த நெடுங்கணக்கைக் கையிற்கொண்டே பின்வந்தோர் மிகுந்தலைக் குகைகளின் புருவத்தில் வெட்டிய வரிகளையும், மதுரையைச் சூழ்ந்த குன்றுகளின் தமிழ் வரிகளையும் வாசித்தனர். அங்கும் கொடையாளரே. அழகர்மலையில் உப்பு வாணிகன் ஒருவனின் பெயர் நிற்கின்றது. புகலூரிற் கருவூர்ப் பொன் வாணிகன் ஒருவன் இருக்கின்றான்.

பியதசியே அசோகன் என்பது நெடுங்காலம் இலங்கை ஏடுகளின் சாட்சியையே பெரிதும் நம்பி நின்றது. அதனை ஐயுற்றோரும் இருந்தனர். 1915ஆம் ஆண்டிலே தக்கணத்தின் மஸ்கி என்னும் ஊரில், பொன் தேடி அலைந்த சுரங்கப் பொறியியலாளர் ஒருவர் எழுத்துள்ள பாறையொன்றைக் கண்டார். அதன் தொடக்கத்திலே, தேவர்க்கு இனியவன் என்ற அடைமொழியோடு அசோகன் என்ற பெயரும் வெட்டப்பட்டிருந்தது. பிறின்செப் மறைந்து அப்பொழுது எழுபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.