பதுளையின் முதல் மேற்றிராணியார்

கொழும்பில் ரயில் ஏறி, அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, தெமோதரை எனக் கடந்து பதுளையில் வந்து இறங்கியிருப்பீர்கள். 1924ஆம் ஆண்டில் பதுளையை எட்டிய அந்த ரயில் பாதை அங்கேயே முடிந்தும் விட்டது. அதற்கு அப்பால் பசறைக்கும் லுணுகலைக்கும் மடுல்சீமைக்கும் மொனராகலைக்கும் போக வேண்டுமானால் மலைப்பாதைதான். தண்டவாளம் முடியும் இந்த ஊரைத் தம்முடைய பங்காகத் தாமே விரும்பிக் கேட்டுப் பெற்றுக்கொண்ட ஒரு மேற்றிராணியார் இருந்தார். அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. உங்கள் வீட்டில் பாட்டனோ பாட்டியோ இருந்தால் லியோ நாணயக்கார ஆண்டகையின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். தெரிந்தவர்கள் இருப்பார்கள். பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதனால்தான் இதை எழுதுகிறோம்.

ஆண்டகை சிங்களக் குலத்தவர். மேற்றிராணியார் ஆவதற்கு முன்பே அவர் ஒரு துறவி, அர்ச். ஆசீர்வாதப்பரின் ஒழுங்கைப் பின்பற்றும் சில்வெஸ்திரின் சபையைச் சேர்ந்தவர். இத்தாலி நாட்டில் 1231ல் அர்ச். சில்வெஸ்தர் தொடங்கிய அந்தச் சிறிய சபையின் துறவிகள் 1845ல் இலங்கைக்கு வந்து சேர்ந்தார்கள். கண்டியில் 1854ல் அர்ச். அந்தோனியார் கல்லூரி தொடங்கியது. 1886ல் கண்டி தனி மறைமாவட்டமானது. அன்றுமுதல் பக்னானி, பெக்மெயர், ரெஞ்ஞோ என்று அந்தச் சபையாரே ஒருவர்பின் ஒருவராகக் கண்டியை ஆண்டு வந்தார்கள். அந்த வரிசையில் 1959ல் வந்தவர் லியோ ஆண்டகை.

அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் மடத்து ஒழுங்கைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். மடம் என்றதும் உலகத்தை விட்டு ஓடிப்போனவர்கள் வாழும் இடம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆறாம் நூற்றாண்டில் அர்ச். ஆசீர்வாதப்பர் எழுதிய அந்தச் சிறு ஒழுங்கு நூலுக்கு 73 அதிகாரங்கள். அதைப் படித்துப் பார்த்தால் அங்கே சமையலறையும் தோட்டமும் நோயாளியின் படுக்கையும்தான் அதிகமாகக் காணப்படும். செபத்துக்கு மணி அடித்தால் கையிலிருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும். வாரத்துக்குள் 150 சங்கீதங்களும் சொல்லி முடிக்கப்பட வேண்டும். முறைபோட்டு ஒவ்வொருவரும் சமையலறையில் மற்றவர்களுக்குப் பரிமாற வேண்டும். மடத்தின் மண்வெட்டியையும் சட்டியையும் பீடத்தின் பாத்திரங்களைப் போலவே மதித்துக் கையாள வேண்டும். வாசலில் வந்து நிற்கும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே எண்ணி ஏற்க வேண்டும். முக்கியமான காரியம் ஒன்று வந்தால் மடத்துத் தலைவர் எல்லாரையும் கூட்டி அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். இளையவனையும் விடக்கூடாது, ஏனெனில் நல்லதைக் கடவுள் பல சமயம் இளையவனுக்கே உணர்த்துகிறார் என்பது அந்த நூலின் எண்ணம்.

இந்த ஒழுங்கில் வளர்ந்த ஒருவர் தோட்டத்து மக்களைப் பார்த்தபோது என்ன கண்டிருப்பார் என்று சற்று எண்ணிப் பாருங்கள். விடியுமுன் தப்பு அடிக்கிறது. பிரட்டுக் களத்தில் பேர் கொடுக்க வேண்டும். தாய் கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஏறுகிறாள். மழையோ பனியோ, கொழுந்துக் கூடை நிறைய வேண்டும். நிறை குறைந்தால் அரைப்பேர். ஒரே லயத்தில் பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள், ஒரு காம்பராவுக்குள் மூன்று தலைமுறை. மணிக்குக் கீழ்ப்படிவதும் உடலால் உழைப்பதும் உள்ளதைப் பகிர்ந்து உண்பதும் மடத்தில் ஆசையோடு ஏற்றுக்கொண்ட நோன்புகள். தோட்டத்தில் அவையெல்லாம் பிறர் சுமத்திய சுமைகள். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். ஆனால் வறுமையைத் தானே தெரிந்துகொண்டவனுக்கும் அதற்குள் பிறந்தவனுக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. பட்டினி கிடப்பவனிடம் போய் ஒறுத்தலைப் பற்றிப் பிரசங்கம் செய்வது எளிது. அந்தப் பிழையைச் செய்த நல்லவர்களும் நம்மிடையே உண்டு என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

ஆண்டகை கண்டிக்குப் பொறுப்பேற்றது அமைதியான காலத்தில் அல்ல. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. பாடசாலைதான் திருச்சபை என்று எண்ணியிருந்தவர்களுக்கு அது பேரிடி. அந்தக் கலக்கம் தணியுமுன்னே 1962ல் உரோமையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. 1965 வரை நடந்தது. ஆண்டகை அதில் கலந்துகொண்டார். சங்கத்துக்குப் போன மேற்றிராணிமார் உலகெங்கும் இரண்டாயிரத்துக்கும் மேல். திரும்பி வந்து பீடத்தைத் திருப்பி வைத்ததோடு காரியம் முடிந்தது என்று இருந்துவிட்ட இடங்கள் பல. தாய்மொழியில் பூசை என்று சங்கம் சொன்னதும் மலைநாட்டில் அது உடனே ஒரு கேள்வியை எழுப்பியது. யாருடைய தாய்மொழி? பட்டணத்தில் சிங்களம், ஆங்கிலம், தோட்டத்தில் தமிழ். ஒரே கோவிலில் இரண்டு சனங்கள், இரண்டு மொழி, ஒரே அப்பம். இன்றைக்கும் பதுளை மறைமாவட்டத்தில் பூசைக்குப் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அந்நாளில் கண்டி மறைமாவட்டம் மத்திய மாகாணத்தையும் ஊவா மாகாணத்தையும் சேர்த்துக்கொண்டிருந்தது. கண்டியிலிருந்து மொனராகலைத் தோட்டமொன்றுக்குப் போக வேண்டுமென்றால் ஒரு பகல் முழுவதும் வழியிலேயே கழியும். பங்குக் குருவானவர் ஒருவர் கையில் எத்தனையோ தோட்டங்கள். சாமியார் வருவது மாதத்துக்கு ஒரு முறை என்றால் அது நல்ல தோட்டம். மற்ற நாட்களில் விசுவாசத்தைக் காத்தவர்கள் யார்? உபதேசியாரும், மாலைநேரத்தில் லயத்து இஸ்தோப்பில் செபமாலை தொடங்கி வைக்கும் தாய்மாரும், மேட்டில் கட்டிய சின்னக் கோவிலுக்கு விளக்கு வைக்கும் முதியவர்களுமே. இந்த எளிய சனங்களின் ஒழுங்கைக் கணக்குப் புத்தகங்கள் எழுதி வைப்பதில்லை.

பெரிய மறைமாவட்டத்தைப் பிரித்து, அதில் ஏழைப் பகுதியைத் தமக்குத் தரும்படி ஆண்டகையே உரோமையிடம் கேட்டுக்கொண்டார். 1972 டிசம்பர் 18ஆம் திகதி பதுளை, மொனராகலை மாவட்டங்களைக் கொண்டு பதுளை மறைமாவட்டம் பிறந்தது. பழமையும் பெரிய கல்லூரிகளும் நிறைந்த கண்டியை வேறொருவர் கையில் விட்டுவிட்டு, பதின்மூன்று ஆண்டுகள் மேற்றிராணியாராய் இருந்தவர் பதுளைக்கு இடம் மாறினார். உத்தியோகத்தில் உயர்வு தேடும் உலகில் இதை என்னவென்று சொல்வது? பதவி இறக்கம் என்றும் சிலர் எண்ணியிருக்கலாம்.

வந்த வேளை எப்படிப்பட்டதென்று உங்கள் பெற்றோரைக் கேளுங்கள். 1973, 1974ல் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களை வாட்டியது. மாவும் அரிசியும் இல்லாமல் லயங்களில் மக்கள் மெலிந்தார்கள், மடிந்தார்கள். 1972லும் 1975லும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் துரைமார் கையிலிருந்து அரசாங்கத்தின் கைக்கு மாறின. கூடவே 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வேறு. அதன்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று இரு அரசாங்கங்களும் ஆட்களைப் பங்கு போட்டிருந்தன. ஒரே காம்பராவில் தாய்க்கு ஒரு தேசம், மகனுக்கு ஒரு தேசம். கோவில் திருநாளுக்குக் கொடி பிடித்தவர்கள், பாடல் தொடங்கியவர்கள், உபதேசியார்கள் எனக் குடும்பம் குடும்பமாகத் தலைமன்னாருக்கு ரயிலேறினார்கள். குடியுரிமைச் சிக்கல் சட்டத்தில் முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. சமூகத்தில் வேரூன்றி வளர்வதுதான் விசுவாசம் என்கிறோம். சமூகமே பிடுங்கப்பட்டால் என்ன செய்வது? ஆண்டகையின் முன் நின்ற கேள்வி இதுதான்.

பெரிய கட்டடங்களால் அவர் இதற்கு விடை தேடவில்லை. சிறு சிறு சமூகங்களாக மக்கள் கூட வேண்டும். வேதாகமத்தைத் திறந்து தங்கள் வாழ்வோடு சேர்த்துச் சிந்திக்க வேண்டும். அவர்களுக்குள்ளிருந்தே பணியாளர்கள் எழும்ப வேண்டும் என்பது அவருடைய வழி. மடத்தில் இளையவனின் சொல்லையும் கேட்கப் பழகியவருக்கு, கொழுந்து பறிக்கும் பெண்ணின் சொல்லையும் கேட்க வேண்டும் என்பது புதுமையாகப் பட்டிருக்காது என்று எமக்குத் தோன்றுகிறது. கண்டியில் 1972ல் யேசு சபைக் குரு போல் கஸ்பெர்ஸ் சுவாமி தொடங்கிய சத்தியோதயம் நிலையம் தோட்டத் தமிழரையும் கிராமத்துச் சிங்களவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசச் செய்தது. அதற்கும் ஆண்டகையின் ஆதரவு இருந்தது.

பண்டாரவளையில் அவர் அமைத்த குருத்துவப் பயிற்சி இல்லத்தின் பெயர் சேவக செவன. பணியாளரின் நிழல் என்று பொருள் கொள்ளலாம். உயர்ந்த மதிலுக்குள் அந்நிய மொழியில் பல ஆண்டு படித்து, வெளியே வரும்போது தன் சொந்தச் சனத்துக்கே அந்நியனாகிவிடும் பயிற்சி வேண்டாம் என்பது அதன் நோக்கம். மாணவர்கள் மக்களின் மொழியில் படிக்கவும், கிராமத்திலும் தோட்டத்திலும் அவர்களோடு தங்கி வாழவும் வேண்டும். எல்லாருக்கும் இது பிடித்துவிடவில்லை. குருமாரின் படிப்புத் தரம் குறைந்துவிடும், ஒழுங்கு தளர்ந்துவிடும் என்று கவலைப்பட்டவர்கள் திருச்சபைக்குள்ளேயே இருந்தார்கள். அந்தக் கவலையை முற்றிலும் வீண் என்று நாம் தள்ளிவிட வேண்டாம். மதில் இல்லாத இடத்தில் ஒழுங்கைக் காப்பது மதிலுக்குள் காப்பதைவிடக் கடினம். பூட்டு வெளியே இல்லாதபோது அதை மனதுக்குள் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அம்பிட்டிய குருமடத்தில் பேராசிரியராய் இருந்த அமலமரித் தியாகி மைக்கல் ரொட்ரிகோ அடிகளார் அந்த இல்லத்தில் வந்து பணியாற்றினார். உரோமையிலும் பாரிசிலும் படித்த மேதை அவர். 1980ல் அவர் அதையும் விட்டு இன்னும் கீழே இறங்கினார். புத்தல பகுதியில், கிறிஸ்தவரே இல்லாத அலுகலவிட்ட என்ற ஏழைச் சிங்கள பௌத்தக் கிராமத்தில் சுபசெத் கெதர என்ற சிறு இல்லத்தை அமைத்தார். அருட்சகோதரிகள் சிலரும் அவருடன் இருந்தார்கள். யாரையும் மதம் மாற்ற அவர் போகவில்லை. அந்த விவசாயிகளோடு வாழ்ந்து, அவர்களிடம் கற்றுக்கொண்டு, அவர்களுடைய காணிக்காகவும் உரிமைக்காகவும் குரல் கொடுத்தார். தமக்குக் கீழுள்ள ஒரு குருவை மேற்றிராணியார் ஒருவர் இப்படிப்பட்ட இடத்துக்குப் போக விடுவது சிறிய காரியமல்ல. பங்குகளுக்கே குருமார் போதாத மறைமாவட்டம் அது.

உங்கள் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள், வாசகர்களே. பேரப்பிள்ளைகள் இன்று கொழும்பில் கடையில் நிற்கிறார்கள், மத்திய கிழக்கில் வேலை செய்கிறார்கள். லயத்துச் செபமாலைக்குக் கூடிய அந்தப் பத்துக் குடும்பங்கள் இப்போது பத்துத் திசையில். ஞாயிறு பூசைக்குப் போனால் போதும், மற்றபடி விசுவாசம் தானாக வளரும் என்று இருந்துவிடலாமா? மடத்து மனிதர் எவரும் அப்படி நினைத்ததில்லை. சாப்பாட்டுக்கு நேரம் வைப்பதுபோலச் செபத்துக்கும் நேரம் வைக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கண்ட வழி. அலுப்பாயிருக்கும் நாளிலும் அந்த நேரம் வரும், போக வேண்டும். தனியே போக மனம் வராத நாளில் பக்கத்தில் நிற்பவனுடைய குரல் நம்மை இழுத்துக்கொண்டு போகும். கூட்டுச் செபத்தின் பலன் இதுதான். பக்கத்துக் காம்பராவிலிருந்து பாட்டுக் கேட்டதும் எழுந்து போன உங்கள் பாட்டிக்கும் இது தெரிந்தே இருந்தது. அவர் எந்த மடத்திலும் படித்தவர் அல்ல.

1982 மே மாதம் 28ஆம் திகதி லியோ ஆண்டகை காலமானார். பதுளையில் அவர் இருந்தது பத்து ஆண்டுகளுக்கும் குறைவு. அடுத்த வருடம் யூலை மாதம் நாடெங்கும் தமிழர் மேல் பாய்ந்த வன்முறை பதுளை நகரையும் விட்டுவைக்கவில்லை. கடைகளும் வீடுகளும் எரிந்தன. இரு சனங்களையும் ஒரே பீடத்தின் முன் நிறுத்தப் பாடுபட்டவர் அந்தக் காட்சியைக் காணவில்லை.

மைக்கல் அடிகளார் அலுகலவிட்ட கிராமத்தை விட்டுப் போகவில்லை. ஆபத்து நெருங்குகிறது என்று அறிந்தும் தங்கியிருந்தார். 1987 நவம்பர் 10ஆம் திகதி மாலை அந்தச் சின்ன இல்லத்தில் அவர் பூசை வைத்தார். பூசை முடியும் நேரத்தில் வெளியிலிருந்து ஒருவர் சுட, பீடத்தருகே விழுந்து இறந்தார். கிராமத்து பௌத்த மக்கள் தங்களில் ஒருவரை இழந்தவர்களாய் அழுதார்கள்.