வானொலி அலைகளைக் கொண்டு வானை அளந்த சிசிர் குமார் மித்ரா

கொல்கத்தா, அக்டோபர் 24: பகலில் கேட்காத தொலைதூர வானொலி நிலையங்கள், இருட்டிய பிறகு மத்திய அலையில் தெளிவாகக் கேட்கத் தொடங்கும். இலங்கை வானொலியைக் காதோடு அணைத்து வளர்ந்த தமிழகத் தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பகலில் அலைகளை விழுங்கும் மின்னூட்டப் படலம் ஒன்று சூரியன் மறைந்ததும் கலைந்துவிடுகிறது. அதற்கும் மேலே உள்ள படலங்கள் அலைகளைப் பூமிக்குத் திருப்பி அனுப்புகின்றன. வளிமண்டலத்தின் இந்த மேல்மாடியை இந்திய மண்ணிலிருந்து முதன்முதலாக முறைப்படி ஆராய்ந்தவர் பேராசிரியர் சிசிர் குமார் மித்ரா. இன்று அவரது பிறந்த நாள்.

1890ஆம் ஆண்டு அக்டோபர் 24 அன்று பிறந்த மித்ராவின் பூர்விகம் ஹூக்ளி மாவட்டத்தின் கொன்னகர். தந்தை ஜெயகிருஷ்ண மித்ரா ஆசிரியர். தாய் சரத்குமாரி, மகன் பிறந்தபோது கொல்கத்தாவின் கேம்ப்பெல் மருத்துவப் பள்ளியில் மாணவி. பெண்கள் எழுதப் படிக்கக் கற்பதே அரிதாக இருந்த காலத்தில் ஒரு தாய் கைக்குழந்தையோடு மருத்துவம் பயின்றார் என்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். பின்னர் பிகாரின் பாகல்பூரில் உள்ள டஃபரின் மருத்துவமனையில் அவருக்குப் பணி கிடைத்தது. குடும்பமும் அங்கே குடியேறியது. தந்தையின் மறைவுக்குப் பிறகு சரத்குமாரியின் வருமானமே மகனைக் கல்லூரிப் படிப்பு வரை கொண்டு சென்றது.

கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய் ஆகியோர் பாடம் நடத்திய காலத்தில் பயின்ற மித்ரா, 1912ஆம் ஆண்டு இயற்பியலில் முதுநிலைப் பட்டம் பெற்றார். குடும்பச் சூழல் ஆராய்ச்சியில் நிலைத்திருக்க இடம் தரவில்லை. பாகல்பூரிலும் பாங்குராவிலும் கல்லூரி ஆசிரியராகச் சில ஆண்டுகள் கழிந்தன. 1916இல் சர் ஆசுதோஷ் முகர்ஜியின் அழைப்பை ஏற்று, கொல்கத்தா பல்கலைக்கழகத்தின் புதிய அறிவியல் கல்லூரியில் சேர்ந்தார். மேகநாத் சாகா, சத்தியேந்திர நாத் போஸ் போன்ற இளைஞர்களும் அப்போதுதான் அங்கே பணியைத் தொடங்கியிருந்தனர். தமிழரான சி.வி. ராமன் வழிகாட்டுதலில் ஒளியின் விளிம்பு விலகலை ஆராய்ந்த மித்ரா, 1919இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். 1920இல் பாரிஸ் சென்று சார்ல்ஸ் ஃபாப்ரியிடம் தாமிரத்தின் நிறமாலையை ஆராய்ந்து இரண்டாவது முனைவர் பட்டமும் பெற்றார். மேரி கியூரியின் ஆய்வகத்திலும் சிறிது காலம் பணியாற்றினார்.

அதுவரை அவர் ஒளியியல் அறிஞர். அந்தத் துறையிலேயே நீடித்திருந்தால் கௌரவமான, சிக்கலற்ற வாழ்க்கை அமைந்திருக்கும். ஆனால் நான்சி பல்கலைக்கழகத்தில் காமில் குட்டோன் என்ற பேராசிரியர் வானொலி வால்வுகளைக் கொண்டு செய்துவந்த சோதனைகள் அவரது பாதையை மாற்றின. இந்தியாவில் எந்தப் பல்கலைக்கழகமும் கற்பிக்காத அந்தத் துறையைக் கொல்கத்தாவில் முதுநிலைப் பாடமாக்க வேண்டும் என்று அங்கிருந்தே ஆசுதோஷ் முகர்ஜிக்கு எழுதினார். 1923இல் நாடு திரும்பியதும் கைரா பேராசிரியராகப் பொறுப்பேற்று, கம்பியில்லாத் தந்தி ஆய்வகத்தை ஏறத்தாழ வெறும் கையுடன் தொடங்கினார்.

நாட்டில் முறையான ஒலிபரப்பு தொடங்கும் முன்பே, அப்பர் சர்க்குலர் சாலையில் இருந்த அறிவியல் கல்லூரியிலிருந்து மித்ராவின் குழுவினர் சோதனை ஒலிபரப்பு நடத்தினர். 1927 ஆகஸ்டில் இந்திய ஒலிபரப்பு நிறுவனத்தின் கொல்கத்தா நிலையம் வந்தது. பொழுதுபோக்குக்காக அமைந்த அந்தச் சேவை மித்ராவுக்கு ஓர் அளவுகோலாக அமைந்தது.

வானொலிக் கோபுரத்திலிருந்து புறப்படும் அலையின் ஒரு பகுதி தரையை ஒட்டிச் செல்கிறது. இன்னொரு பகுதி மேலே சென்று மின்னூட்டப் படலத்தில் மோதித் திரும்புகிறது. 100 கிலோமீட்டர் உயரம் சென்று திரும்ப அலைக்கு ஆகும் நேரம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தத் தாமதத்தைக் கணக்கிட்டால் படலத்தின் உயரம் தெரிந்துவிடும். இங்கிலாந்தில் எட்வர்ட் ஆப்பிள்டன் 1924இல் இதைச் செய்து காட்டியிருந்தார். 1930இல் மித்ராவும் அவரது மாணவர் ரக்ஷித்தும் 'ஈ' படலம் இருப்பதற்கான சோதனைச் சான்றை இந்திய வானிலிருந்து பெற்றனர். 1930களின் நடுப்பகுதியில் 60 கிலோமீட்டருக்கும் குறைவான உயரத்திலிருந்து எதிரொலிகளைப் பதிவு செய்து, கீழ்நிலைப் படலமான 'டி' குறித்த ஆய்வுக்கும் வழி திறந்தனர். 1932-33ஆம் ஆண்டின் சர்வதேசத் துருவ ஆண்டிலும் கொல்கத்தா பங்கேற்றது.

அவரது பணிகளில் இன்றைய வாசகருக்கு மிக நெருக்கமானது வேறொன்று. சூரியன் நேர் உச்சியில் காயும் காந்த நிலநடுக்கோட்டின் மீதுதான் அயனிகள் மிக அடர்த்தியாக இருக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பர். அளவீடுகளோ அங்கே அடர்த்தி குறைந்தும், வடக்கிலும் தெற்கிலும் சற்றுத் தள்ளி மிகுந்தும் இருப்பதைக் காட்டின. நிலநடுக்கோட்டுக்கு மேலே மிக உயரத்தில் உள்ள அயனிகள் புவியின் காந்தப்புலக் கோடுகள் வழியே இருபுறமும் இறங்குகின்றன என்ற விளக்கத்தை 1946இல் மித்ரா முன்வைத்தார். பிற்கால ஆய்வாளர்கள் அதைத் திருத்தி வளர்த்தனர். காந்த நிலநடுக்கோடு திருநெல்வேலிப் பக்கமாகச் செல்கிறது. அங்கே மேலெழும் அயனிகள் வந்து இறங்கும் வடக்கு முகட்டின் கீழே கொல்கத்தா இருக்கிறது. கைப்பேசியின் ஜிபிஎஸ் கணக்குகளில் இப்பகுதியில் பிழை அதிகமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1947இல் வெளிவந்த 'தி அப்பர் அட்மாஸ்ஃபியர்' என்ற நூல் அவரை உலகறியச் செய்தது. இவ்வளவு நுட்பமான நூலை யார் வாங்குவார்கள் என்று பதிப்பாளர்கள் தயங்கினர். இறுதியில் வங்காள ஆசியக் கழகமே அதை வெளியிட்டது. அமெரிக்காவில் வி-2 ராக்கெட்டுகளைக் கொண்டு மேல் வளிமண்டலத்தை அளக்கத் தொடங்கிய நேரம் அது. அதற்கு முன் தரையில் நின்றபடி மனிதர் அறிந்த அனைத்தையும் ஓரிடத்தில் தொகுத்துத் தந்த நூல் வேறு இல்லை. சில ஆண்டுகளில் பிரதிகள் தீர்ந்து, 1952இல் விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பும் 1955இல் ரஷ்ய மொழிபெயர்ப்பும் வந்தன. பனிப்போரின் இரு தரப்பு ஆய்வகங்களிலும் கொல்கத்தாப் பேராசிரியரின் நூல் மேசையில் இருந்தது.

எல்லாவற்றிலும் அவர் வெற்றி பெற்றார் என்று சொல்வது சரியாகாது. மின்வெளியேற்றத்துக்குப் பின் நெடுநேரம் ஒளிரும் நைட்ரஜன் வாயுவின் ஒளிக்கு அயனியான மூலக்கூறுகளே காரணம் என்று 1940களில் அவர் முன்வைத்த கோட்பாடு நிலைக்கவில்லை. தனி அணுக்கள் இணைவதே காரணம் என்று பின்னர் தெளிவாயிற்று. நிறுவனங்களைக் கட்டியெழுப்புவதிலும் காத்திருப்பே மிகுதி. வானொலி ஆராய்ச்சிக்கென ஒரு தேசிய அமைப்பு வேண்டும் என்று அவர் ஆண்டுக்கணக்கில் வலியுறுத்திய பிறகே, 1942இல் வானொலி ஆராய்ச்சிக் குழு அமைந்து, அவர் அதன் தலைவரானார். 1944-45இல் இந்திய அறிவியல் தூதுக்குழுவில் ஒருவராக இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் சென்றபோது, ரேடாரும் மின்னணுவியலும் போர்க்காலத்தில் எட்டிய உயரத்தை நேரில் கண்டார். தனித் துறைக்கான அவரது வாதம் அதன்பின் வலுப்பெற்றது. 1949இல் கொல்கத்தா பல்கலைக்கழகத்தில் வானொலி இயற்பியல் மற்றும் மின்னணுவியல் நிறுவனம் உருவானது. நகருக்கு வெளியே ஹரிங்கட்டாவில் அயனிமண்டலக் கள நிலையமும் அமைந்தது.

1955இல் ஓய்வு பெற்றவர் ஆய்வகத்துக்குள் ஒதுங்கிக்கொள்ளவில்லை. மேற்கு வங்க இடைநிலைக் கல்வி வாரியத்தின் நிர்வாகப் பொறுப்பை ஏற்றுப் பள்ளித் தேர்வுகளோடும் பாடத்திட்டங்களோடும் போராடினார். பெரிய அறிவியலாளர்கள் பலர் தவிர்த்துவிடும் வேலை அது. லண்டன் ராயல் சொசைட்டி 1958இல்தான், அவரது 67ஆம் வயதில், அவரை உறுப்பினராக்கியது. 1962இல் பத்மபூஷண் விருதும் தேசியப் பேராசிரியர் பதவியும் வந்தன. அடுத்த ஆண்டே, 1963 ஆகஸ்ட் 13 அன்று அவர் காலமானார். பின்னாளில் நிலவின் பள்ளம் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அது நிலவின் மறுபக்கத்தில், பூமியின் வானொலி அலைகள் நேரே சென்று சேராத இடத்தில் இருக்கிறது.

ராமன், சாகா, போஸ் ஆகியோரின் பெயர்கள் பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்டன. மித்ராவை அவரது மாணவர்கள் வழியாகத்தான் பலர் அறிகின்றனர். அவர் உருவாக்கிய துறையிலிருந்து இங்கிலாந்து சென்ற மிருணாள் குமார் தாஸ்குப்தா, சிக்னஸ் விண்மீன்கூட்டத்தின் வலிமையான வானொலி மூலம் உண்மையில் இரண்டு பகுதிகளாக இருப்பதை 1953இல் ஜென்னிசனுடன் சேர்ந்து கண்டறிந்தார். இன்னொரு மாணவரான ஏ.பி. மித்ரா, அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தின் தலைமை இயக்குநராக உயர்ந்தார். இந்திய நெல் வயல்களே புவி வெப்பமாவதற்குப் பெரும் காரணம் என்று மேலை நாட்டு மதிப்பீடுகள் கூறியபோது, 1991இல் நாடெங்கும் வயல்களில் மீத்தேனை நேரடியாக அளக்கும் பணியை அவர் முன்னின்று நடத்தினார். வயல்கள் வெளியிட்ட வாயு, அந்த மதிப்பீடுகளில் சொல்லப்பட்டதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே எனத் தெரியவந்தது.