பழைய யந்திரமும் பர்ட் மன்றோவும்

நியூஸீலந்து நாட்டின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்றோர் ஊர் உண்டு. பர்ட் மன்றோ 1899-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25-ஆம் நாள் அவ்வூரிற் பிறந்தார். தமது இருபத்தோராம் வயதில், அஃதாவது 1920-இல், அமெரிக்காவிற் செய்யப்பெற்ற இண்டியன் ஸ்கௌட் என்னும் மோட்டார் சைக்கிளொன்றை வாங்கினார். பெயர் கண்டு அது நம் நாட்டுப் பொருளென மயங்கற்க. அமெரிக்கத் தொல்குடியினரைக் குறித்து இடப்பட்ட பெயரே அஃது. அதன் யந்திரம் 600 கன ஸென்டிமீட்டர் கொள்ளளவினது. மணிக்கு 55 மைல் வேகமே அதற்கு எல்லை. அவ்வெல்லைக்கு மன்றோ உடன்பட்டாரல்லர். 1926-ஆம் ஆண்டு முதலாக அவ்வொரு யந்திரத்தையே பிரிப்பதும் திருத்துவதும் மீளப் பூட்டுவதுமாக நாற்பதாண்டு கழித்தார்.

அன்னாரிடம் பொருளும் இல்லை, தொழிற்சாலையும் இல்லை. பகலெல்லாம் மோட்டார் சைக்கிள் விற்பனையும் பழுது பார்த்தலுமாகிய கூலி வேலை. இரவிலே வீட்டுக் கொட்டகை. வேண்டிய உறுப்புக்களை விலைக்கு வாங்க இயலாமையால், உலோகத்தை உருக்கிப் பழைய தகர டப்பாக்களில் வார்த்துப் பிஸ்டன்களைத் தாமே செய்துகொண்டார். ஸிலிண்டர்களும் பிளைவீல்களுங்கூட அவர்தம் கைவேலையே. மயிரிழை வேறுபாட்டை அளக்கும் மைக்ராமீட்டருக்குப் பதிலாக அவர் பயன்படுத்தியது சக்கரத்தின் பழைய ஆரக்கம்பி ஒன்று! பௌதிகச் சாலையில் நல்ல கருவிகளை வைத்துக்கொண்டே அளவிற் பிழைபடும் நம் நண்பர்கள் இதனை நம்புதல் அரிது.

எனினும் வெற்றி எளிதில் வந்திலது. யந்திரம் சுழலும் வேகம் இரட்டித்தால், மேலும் கீழுமாய் ஓடும் உறுப்புக்கள் தாங்கவேண்டிய விசை நான்மடங்காகும். ஆதலின் 55 மைலுக்கென்று அமைந்த யந்திரத்தை மும்மடங்கு விரைவுக்கு உந்தியபோது பிஸ்டன்கள் உருகின, தண்டுகள் முறிந்தன. முறிந்தவற்றை அவர் எறிந்துவிடவில்லை. கொட்டகையில் ஒரு பலகைமீது வரிசையாக அடுக்கி, வேகத் தெய்வத்துக்குப் படைத்த காணிக்கைகள் என்று எழுதி வைத்தார். விளையாட்டாக எழுதியதே எனினும், அக்காணிக்கை ஒவ்வொன்றும் பல இரவுகளின் உழைப்பு என்பதை எண்ணுங்கால் நகைக்கத் தோன்றவில்லை.

அமெரிக்காவின் யூட்டா மாகாணத்துப் பான்னவில் உப்புவெளி, கல்லைப்போல் இறுகிய பரந்த நிலம். ஆண்டு 1962-இல் அங்கே 850 கன ஸென்டிமீட்டராக விரிக்கப்பெற்ற அதே யந்திரத்தைக்கொண்டு மணிக்கு 178.95 மைல் ஓடித் தம் வகுப்பிற் சாதனை நிறுவினார். 1967-இல் அவருக்கு வயது 68, வண்டிக்கு 47. யந்திரம் 950 கன ஸென்டிமீட்டராக வளர்ந்திருந்தது. எதிரெதிர்த் திசைகளில் ஓடிய இரண்டு ஓட்டங்களின் சராசரியே சாதனையாகக் கொள்ளப்படுவது முறை, அவ்வாறு 183.586 மைல் என்று பதிவு செய்தனர்.

மன்றோ 1978-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் காலமானார். நெடுங்காலம் கழிந்தபின் அவர் மைந்தர் பழைய பதிவுகளை நோக்கிச் சராசரி கணித்ததிற் பிழையிருக்கக் கண்டார். அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்தார் 2014-இல் அதனை ஆராய்ந்து, தந்தையார் ஓடிய வேகம் 184.087 மைல் என்று திருத்தி எழுதினர்.