பண்டிதை இரமாபாய் அம்மையார்

சென்னையிலிருந்து மும்பைக்கு இரயிலேறி வரும் நம்மவர், தௌண்டு நிலையத்தைத் தாண்டிப் பூனாவை நெருங்கும் வழியில் கேட்காவ் என்னும் சிற்றூரைக் கடந்துதான் வருகின்றனர். உறக்கக் கலக்கத்திலோ, மூட்டை முடிச்சுகளைச் சரிபார்ப்பதிலோ இருப்பதால் அவ்வூரை எவரும் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை. நாமும் பலமுறை அவ்வாறே கடந்தோம். ஆதரவற்ற பெண்களும் பிள்ளைகளுமாக ஏறக்குறைய இரண்டாயிரவர் ஒரு காலத்தில் அங்கே கூடி உழைத்து வாழ்ந்தனர் என்பதும், அவர்களைக் கூட்டியவர் கணவனையிழந்த ஒரு பெண் என்பதும் பிற்காலத்தில் நூல்களைப் படித்தே நாம் அறிந்தவை.

அவ்வம்மையார் பெயர் இரமாபாய். 1858 ஏப்ரல் 23ஆம் நாள், மேற்குத் தொடர்ச்சி மலையில், இன்றைய கர்நாடக நாட்டைச் சேர்ந்த கங்கமூலா என்னும் காட்டிடத்தில் பிறந்தார். தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்கரே, சித்பாவன பிராமணர். பெண்ணுக்கு வடமொழி கற்பித்தல் ஆகாது என்றிருந்த நாளில் தம் மனைவி இலட்சுமிபாய்க்கு அதனைக் கற்பித்தார். அதனால் சுற்றத்தாரின் பகைக்கு ஆளாகிக் காட்டில் குடியேறினார். அந்தத் தாயாரே மகளுக்கு ஆசிரியையானார். பொழுது விடியுமுன் மடியில் அமர்த்திப் பாடஞ் சொல்லிவைக்க, மகள் பாகவதத்தின் பதினெண்ணாயிரம் சுலோகங்களை மனத்தில் ஏற்றினார்.

கைப்பொருள் கரைந்தபின் அக்குடும்பம் ஊர் ஊராகப் புராணம் வாசித்துப் பிழைத்தது. அப்போது பஞ்சம் வந்தது. பிச்சை எடுக்கவும் கூலி வேலை செய்யவும் குலப்பெருமை இடந்தரவில்லை. இருந்த காசையெல்லாம் தானதருமத்தில் செலவிட்டுத் தெய்வம் கைகொடுக்குமென்று காத்திருந்தனர். 1874ஆம் ஆண்டில் தந்தை மாண்டார். சின்னாட்களில் தாயும் மாண்டார். தாயின் உடலைச் சுமக்க நால்வர் வேண்டும். அத்தனை பிராமணர் கிடைத்திலர். இருவர் மட்டும் இரங்கி வந்தனர். மூன்றாமவர் தமையன் சீனிவாசர். நான்காமவர் பதினாறு வயது இரமாபாய். குள்ள உருவினராதலால் தோள் எட்டவில்லை; பாடையின் முனையைத் தலையில் தாங்கிச் சுடுகாடு மட்டும் நடந்தார். சாதியார் சாதியாருக்கே உதவாத இப்பகுதியை நாம் இருமுறை படித்தோம். நம் பெரியோர் பட்டதற்கு இது ஈடாகாது; எனினும் சாதியின் கட்டு உள்ளிருப்பாரையும் எரித்தது என்பதற்கு இது சான்று.

பின்னர் தமக்கையும் இறந்தார். தமையனும் தங்கையும் நாடெங்கும் கால்நடையாகத் திரிந்து, 1878இல் கல்கத்தாவை அடைந்தனர். இருபது வயதுப் பெண் வடமொழியில் தடையின்றிச் சொற்பொழிவாற்றக் கண்ட பண்டிதர்கள், சோதித்துப் பார்த்து, பண்டிதை என்றும் சரசுவதி என்றும் பட்டமளித்தனர். 1880இல் தமையனும் மறைந்தார். அவ்வாண்டே பிபின் பிகாரி தாஸ் மேதாவி என்னும் வங்காள வழக்கறிஞரைச் சடங்கின்றிப் பதிவுமுறையில் மணந்தார். பிராமணர் கண்ணுக்கு அவர் சூத்திரர். மனோரமா என்னும் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ஓராண்டு நிறையுமுன், 1882 பிப்ரவரியில், கணவர் வாந்திபேதியால் மாண்டார். அம்மையாருக்கு அப்போது வயது இருபத்து மூன்று.

அக்காலத்தில் உயர்சாதிக் கைம்பெண்ணின் நிலையைப் படிப்போர் மனத்திற் கொள்ள வேண்டும். தலை மழிக்கப்படும், முரட்டுத் துணி, ஒருவேளைச் சோறு, நற்காரியங்களில் அவள் முகம் ஆகாது. கணவனின் சாவுக்கே அவளுடைய முற்பிறப்புப் பாவம் காரணமென்பர். 1881ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இந்நாட்டில் கைம்பெண்கள் இரண்டு கோடிக்கு மேற்பட்டோர். கணவன் முகத்தையே சரிவர அறியாச் சிறுமியரும் அவர்களுள் அடங்குவர்.

இது பழங்கதை என்று தள்ளுவதற்கில்லை. நாம் பஞ்சாலையில் வேலை செய்த காலத்தில், நூல் சுற்றும் பகுதியில் கணவனை இழந்த ஓர் அம்மாள் இருந்தார். பத்தாண்டுகளுக்கு மேல் தம் கூலியாலேயே மூன்று பிள்ளைகளைக் காத்தவர். குடியிருப்பு அறை கேட்டு அவர் மனுச் செய்தபோது, பொறுப்பான ஆண் துணை யாரென்று எழுத்தர் கேட்டார். அம்மாள் விடை தெரியாது நின்றார். மனுவை எழுதிக் கொடுத்தவர் நாமே. பதின்மூன்று வயதான அவர் மகனின் பெயரை அவ்விடத்தில் எழுதினோம். அறை கிடைத்தது. அம்மாள் பெயரையே எழுதி வழக்காட வேண்டுமென்று அன்று நமக்குத் தோன்றவில்லை. இரமாபாயின் வரலாற்றைப் படித்த பின்னரே அதனை எண்ணி நாணினோம்.

இரமாபாய் எவர் வீட்டிலும் ஒதுங்கவில்லை. கைக்குழந்தையுடன் பூனாவுக்கு வந்து, 1882இலேயே ஆரிய மகளிர் சமாஜத்தை நிறுவினார். அவ்வாண்டு வந்த ஹண்டர் கல்விக் குழுவின் முன் தோன்றி, பெண்பள்ளிகளுக்குப் பெண் ஆசிரியர்களும், பெண்களின் நோய்க்குப் பெண் மருத்துவர்களும் வேண்டுமென்று சாட்சியம் அளித்தார். பெண்களுக்கென ஒரு மராத்தி நூல் எழுதி, அதன் வருவாயைக் கொண்டு 1883இல் இங்கிலாந்து சென்றார். மருத்துவம் கற்பதே எண்ணம். காது மந்தமாகிவிட்டதால் அது கைகூடவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் கிறித்துவ சமயத்தில் சேர்ந்தார்.

செய்தி எட்டியதும், அவரைப் பண்டிதை என்று தலைமேல் வைத்தவர்களே தூற்றினர். துணைநின்று எழுதியவர்களுள் மகாத்மா ஜோதிராவ் பூலே முதன்மையானவர். சாத்திரங்களைக் கற்றறிந்த பெண்ணே அவற்றைத் துறந்தாரெனில், குற்றம் பெண்ணிடமா சாத்திரத்திடமா என்பது அவர் எழுப்பிய வாதம். அம்மையார் புகுந்த சமயம் நம்முடையது அன்று. ஆயினும் பிறந்த சமயத்தை விட்டு வந்த நமக்கு இவ்விடம் நன்கு விளங்கும். பழைய வீட்டார் கதவை அடைப்பர். புதிய வீட்டாரோ தாம் காட்டும் மூலையில் அமரச் சொல்வர். அம்மையாருக்கும் அதுவே நேர்ந்தது. அவர் ஆடவர்க்குப் பாடஞ் சொல்லலாகாதென்று பாதிரித் தலைவர்கள் தடுத்தனர். சமயக் கொள்கைகளில் ஐயம் எழுப்பியபோது, கீழ்ப்படியுமாறு கன்னியர் மடத்தார் வற்புறுத்தினர். ஒரு புரோகிதர் கூட்டத்தின் நுகத்தடியைக் கழற்றி வந்த தாம் இன்னொன்றுக்குக் கழுத்து நீட்டுவதற்கில்லை என்று அம்மையார் கடிதங்களிலே உறுதியாக விடையிறுத்தார். தனித்த ஒரு பெண், அயல் நாட்டில், அவர்களுடைய உணவை உண்டுகொண்டே இவ்வாறு எழுதினார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1886இல் அமெரிக்கா சென்றார். உறவினரான ஆனந்திபாய் ஜோஷி மருத்துவப் பட்டம் பெற்றதை நேரிற் கண்டார். உயர்சாதி இந்துப் பெண்ணின் நிலையை விளக்கி 1887இல் ஆங்கிலத்தில் அவர் வெளியிட்ட நூல் ஆயிரக்கணக்கில் விற்றது. பாஸ்டன் நகரத்தார் ஒரு சங்கம் அமைத்துப் பத்தாண்டுகளுக்குப் பொருளுதவி செய்ய இசைந்தனர். 1889 மார்ச் 11ஆம் நாள் பம்பாய்ச் சௌபாத்தியில் சாரதா சதனம் திறக்கப்பெற்றது. முதலிற் சேர்ந்த கைம்பெண் கோதுபாய். எட்டு வயதில் மணம் முடித்துச் சில திங்களில் கணவனை இழந்தவர். 1893இல் கார்வே என்னும் பேராசிரியர் அவரை மறுமணஞ் செய்துகொண்டார். பின்பு அவரும் கைம்பெண்களுக்கென ஓர் இல்லம் கண்டார்.

சதனம் 1890இல் பூனாவுக்கு மாறியது. மாணவியரை மதம் மாற்றுகிறார் என்று 1893இல் பெரும் புயல் எழுந்தது. திலகருடைய கேசரி கடுமையாகத் தாக்கிற்று. இரானடே, பண்டார்க்கர் போன்றோர் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். பெண்கள் பலரைப் பெற்றோர் அழைத்துச் சென்றனர். அம்மையார் தம் தொழுகையறைக் கதவைத் திறந்துவைத்தார் என்பதும், சிலர் உள்ளே சென்று அமர்ந்தனர் என்பதும் மெய்யே. பிற்காலத்தில் சமயப் பரப்புதலே அவருடைய வேலையாயிற்று என்பதும் மெய்யே. அதனை மறைப்பது நம் கடமையன்று.

நமக்குள்ள குறை வேறு. சதனம் முதலில் உயர்சாதிக் கைம்பெண்களை மனத்திற்கொண்டே எழுந்தது. அவர்களுடைய சாதியாசாரத்துக்கு அங்கே இடமளிக்கப்பெற்றது. அந்த வேலியைத் தகர்த்தது பஞ்சம். 1896, 97ஆம் ஆண்டுகளில் மத்திய மாகாணத்தில் மக்கள் மடிந்தபோது, தாம் பட்ட பட்டினியை நினைந்து அம்மையார் நேரே சென்றார். தரகர் கையிற் சிக்கவிருந்த சிறுமியரையும் அனாதைகளையும் நூற்றுக்கணக்கில் கேட்காவுக்கு அழைத்து வந்தார். 1900ஆம் ஆண்டு குசராத்துப் பஞ்சத்தில் இன்னும் பலர் வந்தனர். இம்முறை சாதி கேட்கப்படவில்லை. முக்தி என்பது அவ்விடத்தின் பெயர்.

கைத்தொழிலில் வளர்ந்த நமக்கு முக்தியின் வேலைக்கூடங்களைப் பற்றிப் படிக்க அலுப்பதில்லை. தறி, எண்ணெய்ச் செக்கு, மாட்டுப் பண்ணை, தையல், வயல், கிணறு எல்லாவற்றிலும் பெண்களே வேலை செய்தனர். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவரும் அவர்களே. மராத்தி எழுத்துடன் கிரேக்க, எபிரேய எழுத்துகளையும் அடையாளங் கண்டு கோத்தனர். கண் தெரியாதவர்க்கு மனோரமா தடவிப் படிக்கும் எழுத்தைக் கற்பித்தார். பிறரால் கெடுக்கப்பட்டுத் துரத்தப்பட்ட பெண்களுக்குக் கிருபா சதனம் என்று தனி மனையே இருந்தது. அயல்நாட்டு நன்கொடை பெரிதும் தாங்கியது. எனினும் எவளும் வேலை கல்லாமல் இருந்ததில்லை.

1897இல் பூனாவில் கொள்ளைநோய் பரவியபோது, அரசாங்க மருத்துவமனையில் பெண்கள் நடத்தப்பட்ட விதத்தைப் பத்திரிகையில் கண்டித்தெழுதியவரும் இவரே. 1919இல் அதே அரசாங்கம் கைசர்-இ-இந்து பதக்கம் அளித்தது. காது கேளாத முதியவராய், வெள்ளைப் புடைவையும் மரக்கறி உணவுமாகக் கடைசிவரை மொழிபெயர்ப்பு வேலையில் இருந்தார். தமக்குப் பின் நடத்துவார் என்று நம்பிய மகள் மனோரமா 1921 ஜூலையில் இறந்தார். அச்சுப்படிகளைத் திருத்தும் வேலையைத் தாய் நிறுத்தவில்லை. அது முடிந்த சில நாட்களில், 1922 ஏப்ரல் 5ஆம் நாள், கேட்காவில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். அவர் நிறுவிய இல்லம் இன்றும் அங்கே நடைபெறுகிறது.