தோல்வியிலும் வழிகாட்டிய பேராசிரியர் சென்

இலங்கையின் முதலாவது இருதய மாற்று சத்திரசிகிச்சை 2017 ஆம் ஆண்டு கண்டி போதனா வைத்தியசாலையில் மேற்கொள்ளப்பட்டது. கலகெதர போன்ற அயற்பிரதேசங்களிலிருந்து நாள்தோறும் அங்கு செல்லும் நோயாளர்களுக்கு அது புதிய நம்பிக்கையை அளித்தது. ஆயினும் ஆசியாவில் இத்துறையில் முதலடி எடுத்துவைத்தவர் வெற்றியைக் காணாமலேயே மறைந்தார். அவர்தான் பேராசிரியர் பிரபுல்ல குமார் சென்.

1915 இல் பிறந்த சென், பம்பாய் கே.ஈ.எம். வைத்தியசாலையில் இருதய சத்திரசிகிச்சைத் துறையைக் கட்டியெழுப்பினார். ஆய்வுகூடத்தில் நாய்களுக்கு இருதயம் மாற்றிப் பல்லாண்டுகள் பயின்றார். தென்னாபிரிக்காவில் கிறிஸ்டியன் பர்னார்ட் முதல் மனித இருதய மாற்றைச் செய்து சில வாரங்களே கடந்திருந்த நிலையில், 1968 பெப்ரவரி 16 இல் சென் அதே பணியில் இறங்கினார். நோயாளி சுமார் மூன்று மணித்தியாலங்களே வாழ்ந்தார். அவ்வாண்டு செப்டெம்பரில் இரண்டாமவர் ஒருநாளைக்கூடத் தாண்டவில்லை. நுரையீரல் நாளங்களின் அழுத்தத்தைப் புதிய இருதயங்களால் தாங்க முடியவில்லை.

அன்றைய மற்றொரு தடை, அந்நிய உறுப்பை உடல் நிராகரிப்பதாகும். அதற்கு விடைகாண ஆய்வாளர்களுக்கு எலி உதவியது. 1969 இல் ஓனோ, லின்ட்சே ஆகியோர் எலியின் வயிற்றில் இன்னோர் எலியின் இருதயத்தைப் பொருத்தும் முறையைச் செம்மைப்படுத்தினர். நுணுக்குக்காட்டியின் கீழ், மயிரினும் மெல்லிய நூலால் நாளங்கள் தைக்கப்படும். வயிற்றைத் தொட்டே புதிய இருதயத்தின் துடிப்பை அறியலாம். சைக்ளோஸ்போரின் எனும் மருந்து அத்துடிப்பை நீடிக்கச் செய்வதை 1977 இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் எலிகளில் நிறுவினர். பின்னர் அம்மருந்தே மனிதரில் இருதய மாற்றின் வெற்றிக்குத் துணையானது.

சென் 1982 இல் காலமானார். மூளை இறப்பை ஏற்கும் சட்டத்தை இலங்கை 1987 இலும் இந்தியா 1994 இலும் இயற்றின. 1986 இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் மன்றமும் மூளைச் செயற்பாடு மீளாவண்ணம் நின்றுவிடுவதை மரணமாக ஏற்றது. இந்தியாவில் முதல் வெற்றி 1994 இல் புதுடில்லியில் கிட்டியது.

இன்று திறமையான கரங்களும் மருந்தும் சட்டமும் உண்டு. துயரின் நடுவிலும் உறுப்பை ஈய முன்வரும் குடும்பங்களின் இசைவே இன்னும் வேண்டியிருக்கின்றது. அதைப்பற்றி நம் வீடுகளில் முன்கூட்டியே பேசிவைப்பது, வெற்றியைக் காணாமல் உழைத்த அம்மனிதருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.