கைகொடுத்த மருத்துவர்

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையில் சமயத் தொண்டாற்றிய ஆங்கிலப் பெற்றோருக்கு 1914ஆம் ஆண்டு பிறந்தவர் பால் பிராண்ட். ஒன்பதாம் வயதில் கல்வியின்பொருட்டு இங்கிலாந்து சென்ற அவர், முதலில் தச்சும் கட்டட வேலையும் கற்றார்; பின்னரே மருத்துவம் பயின்றார்.

1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். மறு ஆண்டு, மருத்துவர் காக்ரேன் அழைப்பின்பேரில் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்றார். விரல்கள் பருந்தின் உகிர்போல் வளைந்த நோயாளி ஒருவரிடம் தம் கையைப் பற்றி இறுக்குமாறு கூறினார். அவர் இறுக்கிய இறுக்கில் பிராண்ட் வலியால் துடித்துப் போனார். பயனற்றதென்று கைவிடப்பட்ட கையில் இத்துணை வலிமையா! அதன் வேகம் அந்நோயாளிக்கே தெரியவில்லை.

நோய் முழங்கையருகே ஓடும் நரம்பைக் கெடுக்கிறது. உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கின்றன. முன்கையின் பெருந்தசைகளோ நலமாக உள்ளன. தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண். கட்டைவிரல் நீங்கலாக, ஒவ்வொரு விரலையும் மடக்க இத்தகைய நாண்கள் இரண்டு உண்டு. அவற்றுள் ஒன்றைக் கடனாகப் பெற்று, கீற்றுகளாகப் பிளந்து, வளைந்த விரல்களின் புறத்தே இணைத்தால் அவை நிமிரும் அன்றோ? தொழுநோயாளியின் உடலில் அறுவைப் புண் ஆறாது என்று அந்நாளில் பலர் எண்ணினர். 1948இல் பிராண்ட் துணிந்து செய்தார், புண் ஆறிற்று. கட்டுப் பிரித்தபின், இடம் மாறிய நாணுக்குப் புதிய வேலையைப் பொறுமையுடன் பழக்க வேண்டியிருந்தது.

ஆயினும், நிமிர்ந்த கையுடன் சென்றவருள் சிலர் வாடிய முகத்துடன் திரும்பினர். வளைந்த கைக்கு விழுந்த பிச்சை நேரான கைக்கு விழவில்லை; வேலை கொடுப்பாரும் இல்லை. பிராண்டின் பழைய தச்சுத்தொழில் இப்போதுதான் உதவிற்று. கல்லூரி வளாகத்தில் மண்குடில்கள் எழுப்பி, நவஜீவ நிலையம் என்னும் இல்லம் அமைத்து, அவர்களுக்கு மரவேலை கற்பித்தார்.

அங்கே மற்றோர் உண்மை புலப்பட்டது. விரல்களை நோய் அரித்துத் தின்னவில்லை. வலியுணர்வு இன்மையால், சுத்தியற்பிடி உராய்ந்த காயமும் அடுப்புச் சூடும் கவனிப்பாரின்றி விரலைக் குறைத்தன. உறங்கும்போது எலி கடிப்பதுகூடத் தெரிவதில்லை! ஆதலின் வீடு திரும்புவோருக்குப் பூனை ஒன்றும் கொடுத்தனுப்பப்பட்டது. நாள்தோறும் கைகால்களைப் பார்த்துக்கொள்ளும் பழக்கமும் கற்பிக்கப்பட்டது.

1966இல் பிராண்ட் அமெரிக்கா சென்று, கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பணியைத் தொடர்ந்தார், 2003இல் மறைந்தார். நீரிழிவால் பாத உணர்வு இழந்தோரும் இன்று நாள்தோறும் தம் கால்களைப் பார்த்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகின்றனர்.